அத்தியாயம் 9: குளிர்காலையில் தடுமாறும் முட்கள்

உதகையில் உறைபனி நவம்பரில் தொடங்கினால் பிப்ரவரி வரை விடாது. தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் சில விடியல்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். இந்த மாதங்களில் மலைமேல் உள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “அண்ணே, காலையில மீட்டர் முள்ளெல்லாம் கன்னாபின்னான்னு ஆடுது. குன்னூர் தாண்டினா தானா சரியாயிடுது.” தானாகச் சரியாகிவிடுவதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அடுத்த மார்கழியில் அதே பேச்சு திரும்ப வரும். கூடவே செல்ஃப் எடுக்கவில்லை என்ற புகாரும் சேர்ந்திருக்கும். பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

அம்பாசடர், மாருதி 800, ஆம்னி, ஜிப்ஸி, மஹிந்திரா ஜீப் போன்ற, டேஷ்போர்டில் கம்ப்யூட்டர் நுழையாத காலத்து வண்டிகளை மனதில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. பிந்தைய வண்டிகளுக்குக் கடைசியில் கொஞ்சம் இடம் உண்டு. கையில் வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஐந்தாறு அடி ஒயர், உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர், கொஞ்சம் வேசலின். புது மீட்டர் இந்தப் பட்டியலில் இல்லை. அதை வாங்கும் நிலைக்கு நீங்கள் வராமலே போகலாம்.

குளிர் என்ன செய்கிறது

நல்ல நிலையில் இருக்கும் மீட்டரை உதகைக் குளிர் கெடுத்துவிடாது. ஏற்கெனவே பாதி விட்டுப்போன இணைப்பை அது காட்டிக்கொடுக்கிறது. உலோகம் சுருங்கும்போது தளர்ந்த நட்டுக்கும் அதன் கீழுள்ள தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுகிறது. சர்க்யூட் போர்டில் விரிசல் விட்ட ஈயப்பற்று குளிரில் விலகி, வண்டிக்குள் சூடு ஏறியதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. இரவுப் பனியின் ஈரம், துருப்பிடித்த முனைகளில் படிந்து மின்தடையைக் கூட்டுகிறது. பழைய கிரீஸ் கெட்டியாகிறது.

பேட்டரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பூஜ்யம் டிகிரியில் ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கைக்கு வராது. கெட்டியான ஆயிலோடு இருக்கும் எஞ்சினைச் சுற்ற செல்ஃப் மோட்டாரும் அதிகக் கரன்ட் கேட்கும். டீசல் ஜீப்பாக இருந்தால் ஹீட்டர் பிளக் வேறு தன் பங்குக்கு இழுக்கும். அந்தச் சில விநாடிகளில் முட்கள் விழுவதும் நடுங்குவதும் இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். எஞ்சின் ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் கழித்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றால்தான் இந்த அத்தியாயம் உங்களுக்கானது.

முதலில் பாருங்கள், பிறகு கழற்றுங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் இரண்டு மூன்று காலை வேளைகளில் என்ன நடக்கிறது என்று எழுதி வையுங்கள். எந்த முள், ஒன்றா பலவா? சாவி போட்டதுமா, வண்டி நகர்ந்த பிறகா? மேலே போகிறதா, கீழே விழுகிறதா, நடுங்குகிறதா? ஹெட்லைட் போட்டால், வைப்பர் ஓடினால், பிரேக் மிதித்தால், இண்டிகேட்டர் மின்னினால் முள்ளும் சேர்ந்து அசைகிறதா?

கடைசிக் கேள்விதான் அதிகம் பயன்படும். இண்டிகேட்டர் மின்னும் தாளத்துக்கு டெம்பரேச்சர் முள்ளும் துடித்தால் மீட்டரைத் தொடவே வேண்டாம், எர்த்துக்குப் போங்கள். பல முட்கள் ஒரே நேரத்தில் தவறினால் அவை பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் ஃபியூஸ், சப்ளை ஒயர், எர்த், மீட்டர்களுக்கு நிலையான வோல்டேஜ் தரும் ஸ்டெபிலைசர் இவற்றில் ஒன்றில் பழுது. ஒரே ஒரு முள் மட்டும் தவறினால் அந்த முள், அதன் ஒயர், மறுமுனையில் இருக்கும் சென்சார் ஆகிய மூன்றுக்குள் விஷயம் முடிந்துவிடும். இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் சென்சாரை மாற்று, மீட்டரை மாற்று என்று செலவு வைக்கும் கடைகள் சமவெளியிலும் உண்டு, மலையிலும் உண்டு.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இலவசமாக ஒரு சோதனைக்கூடம் கிடைத்திருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் அதற்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் கீழே. விடியற்காலையில் கேரட் லோடோடு இறங்கும் வண்டி இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு வந்துவிடுகிறது. பர்லியாறு தாண்டி வெளிக்காற்று சூடான பிறகு கோளாறு மறைந்து, மாலையில் மேலே ஏறும்போது திரும்ப வந்தால் அது வெப்பநிலையைப் பொறுத்தது. ஈயப்பற்று, கிரீஸ், சூட்டில் வளையும் இரு உலோகத் தகடு பக்கம் தேடலாம். கீழே வந்தும் ஆட்டம் தொடர்கிறது, ஆனால் கொண்டை ஊசி வளைவுகளிலும் குழிகளிலும் மட்டும் என்றால் அது அதிர்வில் விட்டுவிட்டுத் தொடும் லூஸ் கான்டாக்ட்.

இரண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொன்னால்

சாவி போட்டதும் டீசல் முள் எப்படி எழுகிறது என்று கவனியுங்கள். சட்டென்று துள்ளி நின்றால் அது காயில் வகை. சாவகாசமாக, பல விநாடி எடுத்துக்கொண்டு ஏறினால் உள்ளே இரு உலோகத் தகடும் அதைச் சுற்றிய சூட்டுக் கம்பியும் இருக்கின்றன என்று பொருள். கம்பியில் கரன்ட் பாய, தகடு சூடாகி வளைய, முள் நகர்கிறது.

இந்த இரண்டாம் வகைக்கு நிலையான வோல்டேஜ் தேவை. பேட்டரி 12-க்கும் 14-க்கும் நடுவே அலைந்தால் முள்ளும் கூடவே அலையும். அதனால் பெரும்பாலான இந்த வகை டேஷ்போர்டுகளின் பின்னால் தீப்பெட்டியை விடச் சிறிய ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். அதற்குள்ளும் இன்னொரு இரு உலோகத் தகடுதான். சூடானால் வளைந்து தொடர்பை விடும், ஆறினால் மறுபடி தொடும். விட்டு விட்டுத் தருவதால் சராசரியாகச் சுமார் 10 வோல்ட் மீட்டர்களுக்குப் போய்ச் சேருகிறது.

இது வேலை செய்ய அதன் உடல் எர்த் ஆகியிருக்க வேண்டும். எர்த் விட்டுப்போனால் உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பிக்குக் கரன்ட் கிடைக்காது, தொடர்பு விலகவே விலகாது, முழு பேட்டரி வோல்டேஜும் மீட்டர்களுக்குப் போய்விடும். டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் கைகோத்துக்கொண்டு மேலே நிற்கும். காலையில் டேங்க் அரை என்று தெரிந்தும் முள் முழுசு காட்டினால், எஞ்சின் நடுவாந்தர சூட்டில் இருக்கும்போதே டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்கினால், முதல் சந்தேகம் இந்த எர்த் மேல்தான் விழ வேண்டும். மாறாக இரண்டும் அடியில் படுத்துவிட்டால் ஸ்டெபிலைசருக்குச் சப்ளை வரவில்லை அல்லது அதன் முனை கருகித் தொடாமல் நிற்கிறது.

சோதிப்பது எளிது. ஸ்டெபிலைசரின் வெளியீட்டு முனையில் டெஸ்ட் லேம்பை வைத்தால் அது மின்னி மின்னி எரிய வேண்டும். நிலையாக எரிந்தால் எர்த் இல்லை அல்லது முனை ஒட்டிக்கொண்டுவிட்டது. எரியவே இல்லை என்றால் உள்ளே வரும் முனையில் வைத்துப் பாருங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரில் இந்த இடத்தில் எண்கள் 0-க்கும் 12-க்கும் நடுவே குதிக்கும். அது மல்டிமீட்டரின் குற்றமில்லை. அடுத்து, ஸ்டெபிலைசரின் உடலிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குக் கிளிப் ஒயரைப் போட்டுப் பாருங்கள். முட்கள் தம் இடத்துக்கு இறங்கினால் செலவு ஒரு ஸ்குரூவும் கொஞ்சம் உப்புத்தாளும்தான்.

உண்மையிலேயே ஸ்டெபிலைசர் போயிருந்தால் பலர் 7810 என்ற மூன்று கால் ஐ.சி.யை வைத்துத் தருகிறார்கள். மலிவு, வேலை செய்யும். ஆனால் மலைக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். 10 வோல்ட் வெளியே வர அதற்குள் சுமார் 12 வோல்ட் போக வேண்டும். குளிர்காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்போது அது தடுமாறி, நீங்கள் ஒழிக்க நினைத்த ஆட்டத்தையே திரும்பக் கொண்டுவரும். லோ டிராப்-அவுட் என்று சொல்லும் வகையைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். பழைய தகடு வகையையே மீண்டும் பொருத்துவதாக இருந்தால் முன்பு எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே வையுங்கள். தலைகீழாக வைத்தால் சூடு பரவும் விதம் மாறி அளவு பிசகும்.

எர்த்: பாதிப் பிரச்சினை இங்கே

பேட்டரியிலிருந்து வரும் பாசிட்டிவ் ஒயரைத் தேடித் தேடிப் பார்ப்பவர்கள், அதே கரன்ட் திரும்பிப் போகும் வழியை மறந்துவிடுகிறார்கள். பழைய வண்டியில் அந்தத் திரும்பு வழி பாடித் தகடு, எஞ்சின் பிளாக், இரண்டையும் பேட்டரியோடு சேர்க்கும் பட்டைகள். பெயின்ட், துரு, பனி ஈரம் எல்லாம் அங்கேதான் உட்காரும்.

கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். மல்டிமீட்டரை டி.சி. வோல்டேஜில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவின் ஈயக் கம்பத்திலேயே அழுத்துங்கள். அதன் மேல் மாட்டிய கிளாம்ப்பில் வைத்தால் கிளாம்ப்பின் கோளாறு தெரியாமல் போகும். சிவப்பு முனையை மீட்டர் பெட்டியின் எர்த் ஸ்டட்டில் வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன் எல்லாவற்றையும் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் நின்றால் நிம்மதி. 0.2-ஐத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு. சிவப்பு முனையை அங்கிருந்து பாடித் தகடு, பிறகு பேட்டரி கிளாம்ப் என்று ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று குறைகிறதோ அதுதான் கழற்றிச் சுரண்ட வேண்டிய இடம்.

இதையே எஞ்சின் பிளாக்குக்கும் செய்யுங்கள், ஆனால் செல்ஃப் அடிக்கும்போது. ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எஞ்சின் எர்த் பட்டை செத்துவிட்டது. இது அபாயமும்கூட. செல்ஃப் மோட்டாரின் பெரிய கரன்ட் தன் வழி அடைபட்டால் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிளின் இரும்பு உறை எல்லாம் அதற்கு வழிதான். காலையில் பலமுறை செல்ஃப் அடித்த பிறகு ஆக்சிலரேட்டர் கேபிள் சுடுகிறது என்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

சுத்தம் செய்யும் முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். தகடு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டு, பல் வைத்த வாஷர் கொடுத்து இறுக்கிய பிறகுதான் மேலே வேசலின் தடவ வேண்டும். முதலில் தடவிவிட்டு இறுக்குவதும், துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நகர்வதும் அடுத்த மழைவரைதான் தாங்கும். பின்னல் பட்டை பச்சை பூத்திருந்தால் புதிது வாங்கிவிடுங்கள். உள் இழைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ய முடியாது.

சார்ஜிங்கையும் இதே கையோடு பார்த்துவிடலாம். இரவு நின்ற நல்ல பேட்டரி 12.5 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை சரி. குளிரில் கொஞ்சம் கூடுதலாகத் தருமாறு பல ரெகுலேட்டர்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன, அதனால் காலையில் மேல் எல்லையில் நின்றால் பயம் வேண்டாம். கிளப்பியதும் ‘கீச்’ என்று கத்தி, லைட் மங்கி, முட்கள் நடுங்கி, பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கினால் பனியில் நனைந்த ஃபேன் பெல்ட் வழுக்குகிறது. டைனமோ வைத்த பழைய ஜீப்பில் ஐடிலிங்கில் சார்ஜ் ஏறாது. அங்கே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

டெம்பரேச்சர் முள்: இங்கே மட்டும் அலட்சியம் கூடாது

டீசல் முள் பொய் சொன்னால் வழியில் நிற்பீர்கள். டெம்பரேச்சர் முள்ளின் பொய்யை நம்பினால் சிலிண்டர் ஹெட் போகும். அதனால் ‘குளிர்தான் காரணம்’ என்று இந்த முள்ளைப் பற்றிச் சொல்வதற்கு முன் ரேடியேட்டரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது.

சென்சார் தண்ணீருக்குள் மூழ்கி இருந்தால்தான் சரியாக அளக்கும். தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் நின்றுவிட்டால் எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது முள் கீழே கிடக்கும். வளைவில் தண்ணீர் அலைந்து சென்சாரைத் தொட்டுத் தொட்டு விலகினால் முள் ஏறி இறங்கும். இதை எலக்ட்ரிக்கல் கோளாறு என்று எண்ணி ஒயரைத் தேடிக்கொண்டிருப்பது ஆபத்து. தண்ணீர் மாற்றிய மறுநாள் முள் தாவினால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஐடிலிங்கில் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

மலைக்காரர்கள் மனதில் கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெரும்பாலான தெர்மோஸ்டாட்கள் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்குகின்றன. நடுவில் இருப்பது நான்கு முதல் பதினோரு டிகிரி வரைதான். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் கொதிநிலை 100-ஐத் தாண்டி மேலே போகிறது. மூடியின் ரப்பர் வாய் பிளந்திருந்தால், முள் சிவப்பைத் தொடும் முன்பே தண்ணீர் கொதித்து வெளியேறும். ‘முள் நடுவில்தான் இருந்தது, ஆனால் ஆவி வந்தது’ என்று சொல்பவர்களின் மீட்டர் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. புது மூடி வாங்கி, ரேடியேட்டரில் வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் கலவை ஊற்றுங்கள். உறைபனி இரவுகளுக்கும் அது பாதுகாப்பு. சென்சார் மேல் துருப்படிவு ஏறி முள் மந்தமாவதையும் தடுக்கும்.

முள் எழவே மாட்டேன் என்கிறதா? தெர்மோஸ்டாட்டை விசாரியுங்கள். சமவெளியில் பல மெக்கானிக்குகள் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். சென்னை வெயிலில் அந்தக் குறை வெளியே தெரியாது. அதே வண்டி உதகைக்கு வந்தால் எஞ்சின் சூடேறவே நேரமாகும்; இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கில் வரும்போது முள் அடியில் போய்ப் படுத்துவிடும். ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். கிளப்பிய சில நிமிடங்களிலேயே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் இல்லை அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. நல்ல தெர்மோஸ்டாட் என்றால் குழாய் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும்.

இவை எல்லாம் சரி என்றால் சென்சாருக்கு வாருங்கள். இது பெரும்பாலும் ஒற்றை ஒயர். குளிரில் அதிக மின்தடை, சூடேற ஏறக் குறைந்த மின்தடை. ஒயரைக் கழற்றினால் முள் அடிக்குப் போக வேண்டும். கழற்றிய ஒயரை எஞ்சின் உடலில் தொட்டால் மேலே ஏற வேண்டும். முள் பாதி தாண்டியதும் கையை எடுத்துவிடுங்கள். நேரடி எர்த்தில் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் மீட்டரின் சூட்டுக் கம்பி கருகும். நடுவில் ஒரு சிறு பல்பை வைத்துத் தொடுவது இன்னும் பத்திரம். இரண்டு திசையிலும் முள் ஒழுங்காகப் போனால் மீட்டரும் ஒயரும் நல்லவை, சென்சாரை மாற்றுங்கள்.

மாற்றும்போது மரையில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். ஒற்றை ஒயர் சென்சார் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. தண்ணீர்க் குழாய்ப் பழக்கத்தில் நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டு, புது சென்சாரும் வேலை செய்யவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள்.

பெட்ரோல், டீசல் முள்

டேங்குக்குள் மிதவை, அதன் கையில் ஒரு தொடுமுனை, அது உரசும் மின்தடைச் சுருள். தொடுமுனை தேய்ந்த இடங்களில் முள் செத்து விழும். பாதி டேங்கில் ஆடி, முழு டேங்கில் ஒழுங்காக இருக்கும் முள் இதைத்தான் சொல்கிறது. குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குளிரோடு சம்பந்தப்பட்டது டேங்கின் தனி எர்த் ஒயர்: வண்டியின் அடிவயிற்றில், சேறும் பனியும் படும் இடத்தில் ஒரு ஸ்குரூவில் தொங்கிக்கொண்டிருக்கும். முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். ஏற்றத்தில் ஒரு அளவும் இறக்கத்தில் வேறு அளவும் காட்டுவது டேங்கின் வடிவத்தைப் பொறுத்தது. சமதரையில் நிறுத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

திறந்த டேங்கின் வாயருகே ஒயரைத் தொட்டுத் தீப்பொறி பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். சென்சாரை வெளியே எடுப்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான வெட்டவெளியில் செய்யுங்கள்.

ஸ்பீடோமீட்டர் துள்ளுகிறது

இது மின்சாரக் கதையில்லை. கியர் பாக்ஸிலிருந்து முறுக்குக் கேபிள் ஒன்று வந்து மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைச் சுற்றி, தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம். சுழலும் காந்தம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்பி அதை இழுக்க, மெல்லிய சுருள்வில் எதிர்த்து நிறுத்த, இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது.

குளிர்காலையில் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் முள் துள்ளி, கூடவே ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து, சில கிலோமீட்டரில் அடங்குகிறது என்றால் கேபிளுக்குள் கிரீஸ் கெட்டியாகி இருக்கிறது. இன்னர் உறைக்குள் சீராகச் சுற்ற முடியாமல் முறுக்கேறி, பிறகு சட்டென்று விடுபடுகிறது. மீட்டர் பக்கத் திருகைக் கழற்றி இன்னரை உருவி எடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒரு மேஜையில் நேராகப் போட்டு உருட்டிப் பாருங்கள். எங்காவது துள்ளினால் கேபிள் மடங்கியிருக்கிறது, மாற்ற வேண்டியதுதான். இரு முனைச் சதுரமும் மழுங்கியிருந்தாலும் அப்படியே. நல்லதாக இருந்தால் கியர் பாக்ஸ் பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். மீட்டர் பக்கம் ஒரு சாண் நீளம் காய்ந்தே இருக்கட்டும். அங்கே பூசிய கிரீஸ் சுழற்சியில் மேலே ஏறி மீட்டருக்குள் போகும். காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொண்டு, முள் ஒரே பாய்ச்சலில் கடைசி எண்ணுக்குப் போய்விடும். கேபிளைத் திரும்ப மாட்டும்போது கூர்மையாக வளையாதபடி விடுங்கள். கிளட்ச் மாற்றிய பிறகு ஸ்பீடோமீட்டர் துள்ளத் தொடங்கினால் கேபிளின் வளைவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேபிள் சரியாக இருந்தும் முள் துள்ளினால் மீட்டரின் அச்சுக்குள் எண்ணெய் காய்ந்துவிட்டது. அது மீட்டர் ரிப்பேர் செய்பவரின் வேலை. முள்ளின் தண்டில் நீங்களாக எண்ணெய் விட வேண்டாம்.

ஆயில் பிரஷர், ஆம்ப் மீட்டர்

காலையில் ஆயில் பிரஷர் வழக்கத்தைவிட உயரமாக நிற்பது இயல்பு. ஆயில் கெட்டியாக இருக்கிறது. மெல்லிய குழாய் வழியாக ஆயிலே மீட்டருக்கு வரும் பழைய ஜீப்புகளில் முள் எழத் தாமதமாகவும் செய்யலாம். ஆனால் எழாமலே இருந்தால், அல்லது ஆயில் விளக்கு அணையாவிட்டால், எஞ்சினை உடனே நிறுத்துங்கள். மீட்டரின் குற்றமா எஞ்சினின் குற்றமா என்பதை எஞ்சின் நின்ற பிறகு ஆராயலாம். ஆம்ப் மீட்டர் உள்ள வண்டியில், நீண்ட நேரம் செல்ஃப் அடித்த காலையில் முள் சார்ஜ் பக்கம் வெகுவாகச் சாய்ந்து மெல்லத் திரும்பும். இழந்ததை பேட்டரி திரும்ப வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மீட்டர் பெட்டியைத் திறக்க வேண்டி வந்தால்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளை விடுவித்த பிறகே பெட்டியை முன்னால் இழுங்கள். மாருதி காலத்து வண்டிகளில் பின்புறம் படலம் போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சர்க்யூட் தாள் இருக்கும். மீட்டர்களின் ஸ்டட் நட்டுகள் அதன் செம்புத் தடத்தை அழுத்திப் பிடிப்பதுதான் இணைப்பு. வருடக்கணக்கான குளிரிலும் சூட்டிலும் இந்த நட்டுகள் தளர்கின்றன. ஒவ்வொன்றையும் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் வேலை இதோடு முடிந்துவிடும். அழுத்தி முறுக்கினால் தாள் கிழியும். கறுத்த செம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனரால் துடையுங்கள்.

ஈயப்பற்றுச் சந்தேகம் இருந்தால் பூதக்கண்ணாடியில் கனெக்டர் கால்களைச் சுற்றிப் பாருங்கள். வட்டமாக மயிரிழை விரிசல் தெரியும். தெரியாவிட்டால், கோளாறு இருக்கும் காலையிலேயே தலைமுடி உலர்த்தியால் டேஷ்போர்டின் பின்பக்கம் மிதமான சூடு கொடுங்கள். முட்கள் உடனே திருந்தினால் போர்டை எடுத்துக்கொண்டு மறுபற்று வைக்கப் போகலாம். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் பெட்டியைக் கழற்றி வெயிலில் காயவைத்து, பின்புறத்துக் காற்றுத் துளைகளைத் திறந்துவிடுங்கள். சிலிக்கான் அடித்து மூடினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். சூடேறட்டும் என்று பெரிய வாட் பல்பு போடுவதும் தவறு. வெள்ளைப் பிளாஸ்டிக் உருகும்.

2000-க்குப் பிறகு வந்த பல வண்டிகளில் முள்ளை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். பேட்டரி இறங்கிய காலையில் அது பூஜ்யத்தை மறந்து தவறான இடத்தில் நிற்கும். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டினால் பெரும்பாலும் திரும்ப நிலைக்கு வரும். ஓ.பி.டி. சாக்கெட் உள்ள வண்டி என்றால் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையைப் படித்து, முள் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். கம்ப்யூட்டர் சரியாகச் சொல்லி முள் தவறினால் பழுது மீட்டர் பெட்டிக்குள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் நம் பக்கத்தில் வழி இருக்கிறது. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிக்கால் நிறுவனம் பல ஆண்டுகளாக வாகன மீட்டர்களைச் செய்துவருகிறது. பழைய மாடல்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிய பெட்டிகள் கிடைக்கும். அங்கே வாங்கும்போது உங்கள் மீட்டரையும் கையில் எடுத்துப் போங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் உள்ளே வேறு வகையாக இருந்தால் உங்கள் சென்சாரோடு ஒத்துப்போகாது. டெம்பரேச்சர் மீட்டர் என்றால் அதே வண்டியின் சென்சாரையும் சேர்த்துக் கேளுங்கள். பழைய பெட்டியில் ஓடிய கிலோமீட்டரையும் புதியதில் உள்ள எண்ணையும், மாற்றிய தேதியோடு, சர்வீஸ் புத்தகத்தில் எழுதி ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் கேட்பார்.